நான் காத்து வைத்த நாலு டயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தன் செத்தது என்னால்தான். கடைசி வரைக்கும் ஒளித்து வைத்துச் சொல்லும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. அந்த வயதும் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. பகலெல்லாம் ஆபீசில் குனிந்து எழுதுகிற மனிதர், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காருக்கு அடியில்தான் கிடப்பார். ஊரை விட்டுப் போன ஒரு துரை, கூரையில்லாத ரெண்டு சீட்டு வண்டி ஒன்றை ஓடாத நிலைமையில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதைத்தான் இவர் எங்கள் பின்கட்டில் கொண்டுவந்து போட்டு, பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். அந்தத் துரை போகும் முன்னால் சீமையிலிருந்து வரவழைத்த நாலு டயரும் வண்டியோடு வந்தன. சுற்றின காகிதம்கூடப் பிரிக்காத புது டயர். அவற்றை மாட்டாமலே வைத்திருந்தார். "இது ரோட்டுல தேய்க்கிறதுக்கு இல்லளா, பந்தயத்துக்கு" என்பார். அப்போது எங்கள் பக்கத்தில் பந்தயமே கிடையாது. இருந்தாலும் மனிதருக்கு அப்படி ஒரு ஆசை.

ஜெர்மன் சண்டை வந்தது. டயருக்குப் பஞ்சம் வந்தது. இவருக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று பட்டாளத்தில் எடுத்துக்கொண்டார்கள். ரயில் ஏறும்போது அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்கினார், தம்பியைக் கட்டிப் பிடித்தார், என்னிடம் வந்து சொன்னது இதுதான்.

"உப்புக் காத்துல ரப்பர் வெடிச்சிரும். டயர மட்டும் வெடிக்காம பாத்துக்க, என்னா?"

கலியாணமாகி ஒரு வருஷம்தான். எனக்கு வந்த கோபத்தில், "அப்ப என்னைய யாரு பாத்துக்கிடுவா?" என்று கேட்டேன். ரயில் நகர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முகம் துடைக்கிற லேஞ்சை ஆட்டினார். பர்மா எல்லையிலிருந்து வந்த கடிதங்களும் அப்படித்தான். அம்மா சுகமா, தம்பி மில்லுக்கு ஒழுங்காகப் போகிறானா, டயர் எப்படி இருக்கிறது. நாலாவதாக நான்.

நான் தோணிக்கார வீட்டுப் பெண். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணி ரெண்டு என் அப்பாவுக்கு உண்டு. உப்புக் காற்றில் ஒரு சாமான் வெடிக்காமல் இருக்க எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான், சுறா எண்ணெய். வருஷா வருஷம் தோணியைக் கரையேற்றிச் சுரண்டி எண்ணெய் தேய்ப்பார்கள். துடுப்புக்கு எண்ணெய், கதவுக்கு எண்ணெய், கட்டில் சட்டத்துக்கு எண்ணெய். மரம் வேறு, ரப்பர் வேறு என்று இந்தக் கூறுகெட்டவளுக்கு யார் சொன்னார்கள்? அவர் 'பாத்துக்க' என்றார். எனக்குத் தெரிந்த மாதிரி பார்த்துக்கொண்டேன்.

மாதத்தில் ரெண்டு தடவை, மாமியார் மாதா கோயில் பூசைக்குப் போன நேரம் பார்த்து, பின்கட்டு அறையில் உட்கார்ந்து நாலு டயருக்கும் துணியில் எண்ணெய் நனைத்துத் தேய்ப்பேன். மாமியார் இருக்கும்போது செய்ய மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். நான் வந்த புதிதில் என் சீலை, பெட்டி எல்லாவற்றிலும் மீன் எண்ணெய் வாடை அடிக்கிறது என்று வீடே சிரிக்கும். "தோணிக்காரி வாரா, மூக்கப் பொத்திக்கிடுங்க" என்று இவரே சொல்லுவார். நானும் கூடச் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பு முன்னால் அழுவேன். அதனால்தான் ஒளித்துச் செய்தேன்.

நாலு வருஷத்துக்கு மேல் அப்படித் தேய்த்தேன். ஊரில் மற்றவர்கள் டயரெல்லாம் கருவாடாகக் காய்ந்து வெடித்துப்போனது. என் டயர் மட்டும் மெத்தென்று இருந்தது. விரலால் அமுக்கிப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவேன்.

சண்டை முடிந்து அவர் வருகிறார் என்று தந்தி வந்ததும் எனக்குப் பதைப்பு. வந்ததும் வராததுமாக மனிதர் டயரைத்தான் மோந்து பார்ப்பார். மறுபடி தோணிக்காரி என்று பேச்சு வாங்க வேண்டும். சாம்பலைப் போட்டுத் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, ரெண்டு நாள் வெயிலில் வைத்து, டியூபுக்குத் தூவும் வெள்ளைப் பொடியைத் தூவிச் சாக்கில் சுற்றி வைத்தேன். வாடை சுத்தமாகப் போய்விட்டது.

மலேரியா மாத்திரை தின்று தின்று உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, எலும்பும் தோலுமாக வந்து நின்றார். அம்மாவைக் கும்பிட்டுவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனார். நினைத்தபடியே மோந்து பார்த்தார்.

"என்னளா, டயருக்குத் தலைக்கு ஊத்தினியோ? சீயக்கா மணக்கு!"

"ஆமா, சாம்பிராணிப் புகைதான் பாக்கி" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அப்போதே சொல்லியிருக்கலாம். சிரிப்போடு சிரிப்பாகப் போயிருக்கும்.

மறு வருஷம் பந்தயம் வந்தது. மில்லில் உத்தியோகம் பார்த்த துரைமார், பருத்தி வியாபாரிகள், சொந்தமாகக் கார் வைத்திருந்த நாலைந்து பேர் கூடி, கயத்தாற்றில் சண்டைக்காகப் போட்டிருந்த விமான ஓடுதளத்தில் ஓட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். காசுக்கில்லை, சும்மா ஆசைக்கு. பெட்ரோல் கூப்பனைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை. தம்பி என்றால் என் கொழுந்தன், மில் பட்டறையில் ஃபிட்டர், இருபத்திரண்டு வயது. என்னை ஒரு நாள் சீண்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. பந்தயத்தில் பக்கத்து சீட்டில் அவன் உட்கார வேண்டும், திருப்பத்தில் உடம்பை வெளியே சாய்த்து வண்டி தூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. மாமியாருக்கு இது பிடிக்கவே இல்லை. "ஒருத்தன சண்டையிலயிருந்து மீட்டுக் குடுத்த மாதா, ரெண்டு பேரையும் ரோட்டுலயா கேக்கப் போறா?" என்று புலம்பினார்கள்.

எந்த டயரைப் போடுவது என்பதுதான் பெரிய யோசனை. ரயில்வே கேட் பக்கத்தில் டயருக்கு ஒட்டுப் போடும் வல்கனைசிங் கடை வைத்திருந்த அண்ணாச்சியை வீட்டுக்கே கூப்பிட்டிருந்தார். பின்கட்டில் மூன்று செட் டயரையும் வரிசையாகப் பரப்பினார்கள். முதல் செட் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. பட்டன் என்று அவர்கள் சொல்வது டயரின் மேல் இருக்கும் வெட்டுக் கட்டிகளை. அதில் விரல் ஆழத்துக்கு இருந்தது. கொழுந்தனுக்கு அதன் மேல்தான் கண்.

"சேத்துல போறதுக்குச் செஞ்சது தம்பி இது" என்றார் அண்ணாச்சி. "வேகத்துல பட்டன் ஒவ்வொண்ணும் தனியா ஆடும். ஆட ஆட சூடு ஏறும். போதாக்குறைக்குச் சண்டைக்காலத்துச் செயற்கை ரப்பரு. கயத்தாத்து வெயிலுக்கு ரெண்டு சுத்து தாங்காது. சவத்தத் தூரப் போடு."

ரெண்டாவது செட், பாதிக்கு மேல் தேய்ந்த சாதாரண ரோட்டு டயர். பார்க்கவே தரித்திரமாக இருந்தது. அண்ணாச்சி அதைத்தான் தட்டிக் காட்டினார்.

"இதப் போடுங்க. பட்டன் கம்மின்னா சூடும் கம்மி. காஞ்ச தரையில நல்லாப் பிடிக்கும். பாக்க லெச்சணமா இருக்காதுதான். பொண்ணு பாக்கவா போறீய?"

"பக்கத்துல எல்லாம் மயிரிழை மயிரிழையா வெடிச்சிருக்கே, அண்ணாச்சி" என்றார் இவர்.

"மேல் வெடிப்புதான். உள்ள நூலத் தொடல. நான் பாத்துட்டேன்."

மூன்றாவது என் டயர். சாக்கைப் பிரித்ததும் கறுகறு என்று நின்றது. இவர் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் அமுங்கி, மெதுவாக மேலே வந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் தெரிகிறது. அண்ணாச்சியும் அமுக்கினார். அவர் சந்தோஷப்படவில்லை. ஓரத்தை மடக்கிப் பார்த்தார், மறுபடி அமுக்கினார்.

"ஏழு வருசத்து ரப்பர் இவ்வளவு மெத்துனு இருக்குமா?"

"அசல் ரப்பர் அண்ணாச்சி, சண்டைக்கு முந்துனது. என் வீட்டுக்காரி புள்ளையப் பாக்க மாதிரிப் பாத்திருக்கா."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்ன தாயி செஞ்ச இதுக்கு?"

நேராகக் கேட்ட கேள்வி. பத்தடி தூரத்தில் மாமியார் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். இவர் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் என்று சொன்னால் இத்தனை பேர் முன்னால் தோணிக்காரி என்று சிரிப்பு கிளம்பும் என்று என் புத்திக்குப் பட்டது. அந்த ஒரு நிமிஷச் சிரிப்புக்குப் பயந்தேன்.

"சாக்குல சுத்தி இருட்டுக்குள்ள வச்சிருந்தேன் அண்ணாச்சி. வேற ஒண்ணும் செய்யல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆனாலும் தேய்ந்த டயரே நல்லது என்று ரெண்டு தடவை சொன்னார். இவருக்கு மனசு அங்கும் இங்கும் அலைந்தது. கொழுந்தன்தான் நடுவில் புகுந்தான்.

"மதினிகிட்டயே கேளுங்கண்ணே. நாலு வருசமா அதுகூடக் குடும்பம் நடத்தினது அவுகதானே! மதினி, நீங்க சொல்லுங்க. எதப் போட?"

"நான் பாத்துக்கிட்டதப் போடுங்க" என்றேன். வேறென்ன சொல்லுவேன்? அவ்வளவு பெருமை எனக்கு.

பந்தய டயரை ரோட்டில் தேய்க்கக் கூடாது என்று, பழைய டயரிலேயே வண்டியைக் கயத்தாறு கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். மாமியார் வரவில்லை. நானும் இன்னும் ரெண்டு வீட்டுப் பெண்களும் லாரியில் போனோம். அந்த நாலு டயரில்தான் சாய்ந்துகொண்டு போனேன்.

போய் இறங்கினால் பொட்டல். கண் கூசுகிற வெயில். ஓடுதளத்தில் காலி தார் டின்களை நிறுத்தித் திருப்பம் காட்டியிருந்தார்கள். பெண்களுக்கு ஒரு படுதா கட்டியிருந்தது. முதல் ஓட்டம் சின்னது, நாலே சுற்று. அதில் எங்கள் வண்டிதான் முந்தியது. மற்ற வண்டியெல்லாம் திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு போக, இவர் வண்டி ஒட்டிக்கொண்டு திரும்பியது. கொழுந்தன் ஓடி வந்து நான் கட்டிக்கொண்டு போன புளியோதரையை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டான். "மதினி, உங்க டயரு தரைய நக்கிக்கிட்டுல்ல போவுது!" என்றான். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. எல்லா டயரும் சுடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெண்டாவது ஓட்டத்தில், எத்தனையாவது சுற்று என்று எனக்கு எண்ணத் தோன்றவில்லை, இடப்பக்கத் திருப்பத்தில் கொழுந்தன் உடம்பை வெளியே சாய்த்திருந்தான். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். வலப்பக்கத்து முன் டயர். வண்டி ஒரு டின்னை அடித்துத் தள்ளிக்கொண்டு சுழன்று கவிழ்ந்தது. நான் ஓடிப்போய்ச் சேரும்போது இவர் தோள் எலும்பு முறிந்து உட்கார்ந்திருந்தார். அவன் தூரத்தில் கிடந்தான். தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான், தலைக்குப் பின்னால் கை வைத்துப் பார்க்கிற வரைக்கும். ஐயோ மாதாவே, அந்தப் பிள்ளையின் கையில் புளியோதரைப் பிசுக்குக்கூடப் போகவில்லை.

மாமியார் அலறவில்லை. கட்டுப்போட்ட தோளோடு வந்து நின்ற மூத்த மகனைப் பார்த்து, "நீதான ஓட்டின?" என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். சோறு வைக்கச் சொல்வதென்றாலும் என்னிடம்தான் சொல்லுவார்கள்.

எட்டாம் நாள் அண்ணாச்சி கிழிந்த டயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாற்றப் போயிருந்தார். அண்ணாச்சி டயரைத் தரையில் வைத்து, ரப்பரை விரலால் பிடித்து இழுத்தார். உள்ளே இருந்த நூல் துணியை விட்டு ரப்பர் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்பக்கம் பிசுபிசு என்று இருந்தது.

"இதுல எண்ணெய் ஏறியிருக்கு தாயி. ரப்பருக்கு எண்ணெய்தான் எமன். ஊறி உப்பிப் போயிருக்கு. அதான் அந்த மெத்து. சூடானதும் விட்டுட்டுது."

அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுறா எண்ணெய், சாம்பல், சீயக்காய். அவர் டயரைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "உன் வீட்டுக்காரரு, தான் டின்னுல உரசித்தான் டயர் கிழிஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. கை தப்பிட்டுன்னு அழுதாரு. நான் சொல்லவா, நீ சொல்லுதியா?" என்று கேட்டார்.

"நானே சொல்லுதேன் அண்ணாச்சி."

சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், பெரிய பூசை முடியட்டும், முப்பதாம் நாள் முடியட்டும் என்று தள்ளினேன். மாமியார் முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் கிழிந்த டயரை என் அப்பா ஆட்களிடம் கொடுத்து, தோணி இடிபடாமல் இருக்க ஓரத்தில் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மற்ற மூன்றும் அப்படித்தான் போயின. எதற்கு அப்படிச் செய்தேன் என்று கேட்டால், பயம், வேறென்ன.

இவர் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. ஆபீசுக்கு நடந்தே போனார். சனிக்கிழமை தோறும் மாதா கோயிலில் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்வார். தம்பியைக் கொன்றேன் என்பதுதான் அவர் சொல்லும் பாவம் என்று எனக்குத் தெரியும். செய்யாத பாவத்தை அவர் வாராவாரம் சொன்னார். செய்த நான், சாமியார் உட்கார்ந்து பாவம் கேட்கும் அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை. போனால் சாமியார், புருஷனிடம் சொல் என்பார். பூசையில் கொடுக்கிற நன்மை அப்பத்தையும் வாங்காமல் தலைவலி, வயிற்றுவலி என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ரெண்டு வருஷத்துக்குள் மாமியாரும் போய்விட்டார்கள். கடைசி மூச்சு வரைக்கும் மகனோடு பேசவில்லை. இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, ஒரு வார்த்தை" என்று கெஞ்சினார். அவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் விளக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அந்தத் தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செத்திருப்பாள். இதைவிடப் பெரிய பாதகத்தி இந்தக் கடற்கரையில் உண்டா?

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன். காலை காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் தரையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். எண்ணெய் தேய்த்தது, கழுவினது, அண்ணாச்சி கேட்டபோது பொய் சொன்னது, அவர் டயரைக் கொண்டுவந்து காட்டினது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். கேட்டு முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். என் தலையில் கை வைத்தார்.

"எனக்காவ இவ்வளவு பெரிய பொய்யா சோடிச்சிருக்க?"

"பொய் இல்ல. சத்தியமாச் சொல்லுதேன்."

"ஏளா, அந்த டயர என் கையால அமுக்கிப் பாத்தவன் நான். மோந்தும் பாத்தேன். நாலு வருசம் பட்டாளத்துல டயரோட பொழங்கினவனுக்கு எண்ணெய் ஏறின ரப்பர் தெரியாமயா போவும்?"

அண்ணாச்சியைக் கேளுங்கள் என்று சொல்ல முடியவில்லை. அவர் முந்தின ஆடியிலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். டயரைப் பாருங்கள் என்று சொல்லவும் முடியவில்லை, அதை நானே கடலுக்கு அனுப்பிவிட்டேன். மாதா மேல் ஆணையிட்டேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "மாதா பேரச் சொல்லிப் பொய்ச் சத்தியம் பண்ணாத. சனிக்கிழமை போயி அதுக்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணு" என்றார்.

போனேன். கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெட்டியில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார், நான் நினைத்த மாதிரியே, "உன் புருஷனிடம் சொல்லிவிடு, மகளே" என்றார்.

"சொல்லிட்டேன் சாமி. நம்ப மாட்டேங்காரு."

ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிப் பார்ப்பேன். நல்ல பெண்டாட்டி கிடைத்தாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் படுக்கையில் விழுந்தபோது, பேச்சு குழறுகிற நேரத்தில், "போனதும் மொதல்ல தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கணும்ளா" என்றார்.

"நீங்க கேக்க வேண்டாம். நான்தான் கேக்கணும்" என்றேன்.

"சும்மா கெட" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.